முடிச்சுக்குள் என்ன நிறம்

கீழே வருவதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்தால், இதைச் சொல்கிறவனுக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்று பொழுது சாய்வதற்குள் விழட்டும். கட்டிய பல் அல்ல, சொந்தப் பல். அதற்கு மேல் ஆணையிட அவனிடம் சொத்து ஒன்றும் இல்லை.

தையல்காரம்மா மண்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் களைக்கொத்து, மறு கையில் வார் அறுந்த செருப்பு. வீட்டில் புருஷன் சாகக் கிடந்தார். சாகக் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டு ஒருத்தி காலையிலேயே களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பேச்சு வாசலிலேயே தொடங்கிவிட்டிருந்தது. தொடங்கிவைத்தவள் நாத்தனார், அவருடைய அக்கா.

"இவனுக்கு மூச்சு இப்பவோ அப்பவோன்னு இழுத்துக்கிட்டிருக்கு. நீ எங்கடி கெளம்பிட்ட, வேரு புடுங்கவா?"

"வேரு பாக்க, அக்கா. அவருதான் போகச் சொல்றாரு."

"அவன் சொல்லுவான். அவனுக்கு என்னிக்குப் புத்தி இருந்துச்சு?"

அனுப்பியது அவர்தான். விடிந்ததும் அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டைப் பிடித்தார். மாசக்கணக்காக ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காத கை அது. அன்றைக்கு எங்கிருந்தோ பலம் வந்திருந்தது.

"மேட்டுக்குப் போ. நாலஞ்சு எடத்துல தோண்டு. முடிச்சக் கிள்ளிப் பாத்துட்டு வந்து சொல்லு."

"தம்பிய அனுப்புறேங்க. நான் உங்க பக்கத்துல இருக்கேன்."

"அவன் வேணாம். நீ பாரு."

இவ்வளவு சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

அவருக்கு வீட்டில் ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் வனத்துறை நாற்றுப்பண்ணையில் சேர்ந்த பிறகு எல்லோருக்கும் அவர் 'முடிச்சு' ஆகிவிட்டார். வாகை, அகத்தி போன்ற மரங்களின் வேரில் கடுகும் மிளகுமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்கும். கெட்ட கிருமி இல்லை. காற்றில் சும்மா கிடக்கிற நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குச் சாப்பாடாக்கிப் போடும். பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம். பச்சையாக இருந்தால் குடியிருந்தவன் செத்துப்போனான். மரமும் பின்னாலேயே போய்விடும். இதைக் கிள்ளிப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அதை அழுக்கு என்று வெட்டிவிட்டாள். அன்றிலிருந்துதான் மனுஷன் படுத்துவிட்டார் என்று தையல்காரம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் வேறு காரணம் சொன்னார்.

அந்த மேடு கடவுள் படைத்தது அல்ல. சுரங்கம் தோண்டியவர்கள் உள்ளே இருந்த நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய மேடு. அதில் புல் முளைத்து யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை தவறிப்போய் அதன் மேல் பெய்த மழை, தப்பான விலாசத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் பக்கத்து வாய்க்காலில் விழுந்தது. மேட்டில் உட்கார்ந்த காக்கை எழுந்து பறந்துபோனால், நிழல் மட்டும் சூட்டில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துப் போகும். அந்த இடத்தில் காடு வளர்க்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. வாகைக் கன்று நட்டார்கள். கோடையில் அந்தப் பக்கம் எவரும் தலைவைத்துப் படுப்பதில்லை. கோடை முடிந்து போய்ப் பார்த்தால் கன்று நட்ட இடத்தில் எல்லாம் இலையில்லாத குச்சி. மறுபடி நட்டார்கள். மறுபடி குச்சி. வேர் முடிச்சு சரியில்லாத கன்றை அவர் அனுப்பிவிட்டார் என்று பண்ணையில் முணுமுணுத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். இப்போது நிற்பது மூன்றாவது நடவு. இதுவும் போனால் வாகையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மேட்டைக் கல் பாவி மூடிவிடுகிறோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவன் அவருடைய தம்பி. பண்ணைத் தண்ணீர் டேங்கருக்கு அவன்தான் டிரைவர். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட வந்திருந்தான்.

"மெதுவா வாங்க அண்ணி. சறுக்கும்."

"சறுக்கட்டும். உங்கண்ணன் இதுல எத்தன நாள் ஏறியிருப்பாரு? ஒரு நாளும் நான் எட்டிப் பாத்ததில்ல. இன்னிக்கி என்னையப் போய் அனுப்புறாரே. நீ பாத்துச் சொன்னா ஆகாதா?"

"நான் சொன்னா நம்புவாரா? கலர் விஷயத்துல உங்களத் தவிர வேற யாரையும் நம்ப மாட்டாரே."

"அதென்ன கலர் விஷயம்?"

"அதான் அண்ணி. அவருக்குத்தான் செவப்பும் பச்சையும் ஒண்ணாச்சே."

தையல்காரம்மா நின்றாள். தம்பி இன்னும் ரெண்டு அடி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வேட்டியில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் முகம் போனது.

"உங்களுக்குத் தெரியாதா? வெளயாடாதீங்க."

"என்ன ஒண்ணு?"

"கண்ணுல ஒரு கோளாறு. பொறந்ததுலேருந்தே. டேங்கர் வேலை மொதல்ல அவருக்குத்தான் வந்துச்சு. லைசென்ஸுக்குப் போனா, புள்ளி புள்ளியா ஒரு படத்தக் காட்டி இதுல என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டிருக்காங்க. இவரு, 'அம்மை போட்ட மாதிரி இருக்கு, சார்'ன்னிருக்காரு. தொரத்தி விட்டுட்டாங்க. அவரு ஓட்ட வேண்டிய வண்டியத்தான் நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்ப முடிச்ச எப்படிப் பாத்தாரு?"

"வீட்டுக்குக் கொண்டாந்து உங்ககிட்டக் காட்டி, நீங்க சொல்றத மறுநாள் பண்ணையில சொல்லுவாரு. தெரிஞ்சா வேலை போயிரும்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுச் செய்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவள் செருப்பைக் கீழே போட்டாள்.

கல்யாணம் ஆன புதிதிலிருந்து நடந்தது ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றது. பழுத்த தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயாக வாங்கி வருவார். தெருவே கேட்கும்படி ஏசுவாள். என்ன நிறத்தில் சட்டை தைத்துப் போட்டாலும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொள்வார். எங்க வீட்டுக்காரருக்கு ரசனை கிடையாது என்று சிரிப்பாள். சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். உள்ளங்கையில் பிளந்த முடிச்சு ரெண்டு இருக்கும்.

"இது என்ன கலரு, சொல்லு."

"செவப்பு."

ஆரம்பத்தில் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு அது, சோறு ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்பது மாதிரி ஒரு பதில் ஆகிவிட்டது. பொண்டாட்டியை வேலை நேரத்தில் வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தாள். அந்த வட்டாரத்தில் நூல்கடைக்காரன்கூட, துணிக்கு ஏற்ற நூல் எது என்று சந்தேகம் வந்தால் அவளிடம்தான் கொடுத்தனுப்புவான். செங்கல் சிவப்பு, மாதுளைச் சிவப்பு, குங்குமச் சிவப்பு என்று ராத்திரி விளக்கிலும் பிரித்துச் சொல்கிற கண். அந்தக் கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல் எத்தனையோ சாயங்காலம் 'செவப்பு' என்று சொல்லியிருக்கிறாள். மேட்டில் முதல் நடவும் இரண்டாம் நடவும் நடந்த வருஷங்களில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை வேறு கழுத்தை நெரித்தது. அப்போது ஒரு முடிச்சையாவது பார்த்தாளா என்று நினைத்துப் பார்த்தாள். மிஷினில் ஓடிய துணியின் நீலம்தான் ஞாபகம் வந்தது.

"அண்ணி, உக்காருங்க கொஞ்சம்."

"உக்கார நேரமில்ல. கன்னு எங்க நிக்குது காட்டு."

கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. தம்பி தண்ணீர் ஊற்றி வந்ததால் உயிர் இருந்தது. அவள் மண்டியிட்டு முதல் கன்றைச் சுற்றிக் கொத்தினாள். கொத்து கல்லில் பட்டுத் திரும்பியது. கையாலேயே தோண்டி மெல்லிய வேரை உருவி, அதிலிருந்த முடிச்சைக் கிள்ளினாள். தையல்காரி நகத்துக்கு அது பிளக்கவில்லை; பல்லால் கடித்துப் பிளந்தாள். தொட்டியில் பிடித்த பாசி மாதிரி பச்சை.

அடுத்த கன்று. அதுவும் பச்சை. அடுத்த வரிசைக்குப் போனாள். அங்கேயும் பச்சை, கொஞ்சம் வெளிறிய பச்சை. தோண்டிய மண்ணை ஒவ்வொரு கன்றுக்கும் திரும்ப அணைத்துவிட்டு நகர்ந்தாள். ஒரே ஒரு முடிச்சில், வெங்காயத்தோலை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அப்படி ஒரு ரோஸ் ஓடியது. அதை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேட்டின் அந்தக் கோடிவரை போய்த் தோண்டினாள். வேறெங்கும் அது இல்லை.

தம்பி குந்தி உட்கார்ந்திருந்தான்.

"செவப்புன்னே சொல்லிருங்க அண்ணி. நிம்மதியாப் போகட்டும். அவரு எங்க பாக்கப் போறாரு."

"அதத்தானே இத்தன வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஒரு கன்றின் இலையைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"நான் அதுக்குச் சொல்லல. அவருகிட்டச் செவப்புன்னு சொல்லிட்டு, நாம பாட்டுக்குப் பண்ணையோட பழைய தோப்பு மண்ணக் கரைச்சு ஊத்திரலாம். அதுல கிருமி இருக்கும். மழை எறங்குறதுக்குள்ள ஊத்திட்டா வேருல புதுசா முடிச்சுப் புடிக்கும்னு அவரே சொல்லுவாரு."

"தோப்புல எந்த மரத்தடி மண்ணு?"

தம்பி தோப்பு இருந்த திசையைப் பார்த்தான். தோப்பில் நூறு மரம் நின்றது. ஒரு மரத்துக் கிருமி இன்னொன்றுக்கு ஒத்துப்போகாது. அது பெண் பார்க்கிற மாதிரி, ஆயிரம் பொருத்தம் இருக்கிறது என்று அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறான். எந்த மரம் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவள் முடிச்சுகளை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். இறங்கும்போது செருப்பை மேட்டிலேயே விட்டுவிட்டாள். அது இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது. மக்க வைக்கக்கூட அந்த மண்ணுக்குத் தெம்பு இல்லை.

வீட்டில் அவர் இன்னும் இருந்தார். நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வாசலில் நாலைந்து செருப்பு சேர்ந்திருந்தது. அவை யாருடையவை என்று பார்க்காமல் உள்ளே போனாள். தரையில் உட்கார்ந்து அவர் காதருகே குனிந்தாள்.

"வந்துட்டேங்க."

அவர் கண் கூரையில் இருந்தது.

"என்ன கலரு?"

தம்பி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசிறி நின்றது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவருக்குக் காட்டுவதற்கு அல்ல; தனக்கே ஒருமுறை பார்த்துக்கொள்ள.

"பச்சைங்க."

"ஏண்டி, பாவி," என்றாள் நாத்தனார். "ஒரு நல்ல வார்த்தை சொல்ல உனக்கு வாய் வராதா?"

அவர் கையை லேசாக அசைத்தார். அக்காவை அடக்குவதற்கு அந்த வீட்டில் எப்போதும் அந்த அசைவுதான். "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். வரிசைக்கு ரெண்டு மூணு தோண்டுனேன். எல்லாம் பாசிப் பச்ச. தெக்குக் கோடியில கொஞ்சம் வெளுப்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வெங்காயத்தோல் மாதிரி ரோஸா இருந்துச்சு. அதுவும் பாதிதான்."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். மூச்சை ரெண்டு தவணையாக வாங்கினார்.

"இன்னிக்கித்தான் பாத்துச் சொல்ற."

திட்டு இல்லை அது. குழம்பில் இன்றைக்கு உப்பு சரியாக இருக்கிறது என்கிற குரல்தான். அவளுக்குத்தான் உட்கார்ந்த இடத்தில் தரை இல்லாமல் போனது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ சொல்றப்ப மிஷின் சத்தம் நிக்காதே."

"தெரிஞ்சும் ஏங்க என்கிட்டயே வந்து கேட்டீங்க?"

"வேற யாருகிட்டக் கேப்பேன்."

வாசலில் யாரோ இருமினார்கள். அவள் முந்தானையின் சுத்தமான நுனியைத் தேடி எடுத்து அவர் வாயோரத்தைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

பிறகு அவர் தம்பியைக் கண்ணால் கூப்பிட்டார். அவன் வந்து மண்டி போட்டான்.

"தோப்புல கெணத்துக்கு மேக்கால. இடி விழுந்து பொளந்த வாகை. தெரியும்ல?"

"தெரியும்ண்ணே."

"அதுக்கடி மண்ணு. மேல் மண்ணு வேணாம், ஒரு மொழம் போயி எடு. வெயில் காட்டாத, சாக்கப் போட்டு மூடு. டேங்கர்ல போட்டுக் கலக்கு. கன்னுக்கு ஒரு செம்பு."

"வாளியில மொண்டு ஊத்திட்டா சீக்கிரம் ஆயிரும்ண்ணே."

"வாளி வேணாம்."

பெரிய மனிதர்கள் சாகும்போது சொல்கிற வார்த்தைகளை யாராவது எழுதி வைக்கிறார்கள். முடிச்சு கடைசியாகச் சொன்னது இதுதான். அதற்குப் பிறகு உச்சி வெயில்வரை கண்ணை மூடிக் கிடந்தார். நாத்தனார் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில், ரொம்ப நாளாக நெருக்கடியான பஸ்ஸில் நின்றவர் தன் நிறுத்தத்தில் இறங்குவதுபோல் சத்தமில்லாமல் போய்விட்டார். தையல்காரம்மா கை அவர் கையில் இருந்தது. அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை.

குளிப்பாட்டியாயிற்று. நாத்தனார் அலமாரியைத் திறந்து ரெண்டு சட்டைகளை எடுத்து வந்தாள். ஒன்று சிவப்புக் கட்டம், ஒன்று பச்சைக் கட்டம். ரெண்டும் ஒரே அளவில் இவள் தைத்தவை.

"எதப் போடறது?"

தையல்காரம்மா ரெண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் அவருக்கு ஒண்ணுதான் அக்கா."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்து நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள்.

பண்ணை ஆட்கள் வேலைச் சட்டையோடு வந்தார்கள். அதிகாரி வந்து, மூன்றாவது நடவு எப்படி என்று யாரிடமோ தணிந்த குரலில் கேட்டார். வானம் மூடிக்கொண்டு வந்ததால் எடுப்பதற்கு அவசரப்பட்டார்கள். கன்று நட்டுப் பழகிய கைகள். குழியின் ஓரம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. மண் தள்ளி முடித்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு நின்றபோது, தம்பி டேங்கரைக் கிளப்பிக்கொண்டு தோப்புப் பக்கம் போனான். என்ன ஏது என்று விசாரித்தவர்கள் ஒவ்வொருவராக மண்வெட்டியோடு பின்னால் போனார்கள்.

தையல்காரம்மா வீட்டிலிருந்த செம்பு, கிண்ணம், டம்ளர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள்.

"பொணம் எடுத்த கையோட எங்கடி போற?" என்றாள் நாத்தனார்.

"மேட்டுக்கு."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டு, சாக்கின் மறு நுனியைப் பிடித்தாள். "இவன் செத்தும் என்னைய மேடு ஏத்துறான்," என்றாள்.

டேங்கரிலிருந்து காபி நிறத்தில் சேற்றுத் தண்ணீர் வந்தது. இழவுக்கு வந்தவர்கள் வந்த துணியோடு வரிசை கட்டி நின்றார்கள். செம்பு கைமாறிக் கைமாறி மேலே போனது. அதிகாரியும் காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு டம்ளரோடு நின்றார். அவசரத்தில் வாளியைத் தூக்கிய ஒரு ஆளைத் தம்பி அதட்டி இறக்கிவைக்கச் சொன்னான். தண்ணீர் விழுகிற சத்தமும், சறுக்கி விழுந்தவர்களை 'பாத்து, பாத்து' என்கிற சத்தமும்தான்.

பொழுது சாய்ந்தது. வாகைக் கன்றுகள் இலைகளை மடக்க ஆரம்பித்தன. துக்கத்தால் அல்ல; தினமும் அந்த நேரத்துக்கு அவை அப்படித்தான் செய்யும். தெற்குக் கோடியில் தையல்காரம்மா தனியாக நின்றாள். ஒரு கன்றின் அடியில் செம்பைச் சாய்த்து, மண் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள். அவள் முதுகில் முதல் தூறல் விழுந்தது. நிமிரவில்லை.

அந்த மேட்டில் முதல் நடவையும் இரண்டாம் நடவையும், எவரும் எட்டிப் பார்க்காத கோடையில், தின்று தீர்த்தவை ஆடுகள்.